பைக்கு நேராக நின்றவர்

மனிதர்களின் பாதங்களைப் பதினோரு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவளுக்கு அவர்களுடைய முகங்கள் மீது பெரிய மரியாதை மிஞ்சாது. கோல்ஃப் கிளப்பில் பை சுமக்கும் அந்தப் பெண்ணை எல்லோரும் பைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு மட்டைகள் செருகிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆடுகிறவருக்குப் பின்னால் பதினெட்டுக் குழிகளும் நடக்க வேண்டும். மட்டையைத் துடைத்துக் கொடுக்க வேண்டும். பந்து எந்தப் புதருக்குள் போய் விழுந்தாலும் போய்க் குனிய வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்குப் பையைவிட அதுதான் கனம்.

வலது முழங்கால் போன வருடமே மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. இன்னொரு வருடம் சுமந்தால் அப்புறம் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் பயிற்சித் திடலில் உதவியாளர் இடம் ஒன்று காலியானது. புதிதாக ஆட வருகிறவர்களை ஒழுங்காக நிற்க வைக்கும் வேலை. சுமை கிடையாது, கூரை உண்டு. இந்த வேலை கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவர் கமிட்டித் தலைவர். அவர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். அவருடைய பையைத்தான் அவள் இத்தனை வருடமும் சுமந்துகொண்டிருந்தாள்.

கான்ட்ராக்டர் பந்துக்கு முன்னால் வந்து நிற்கிற அழகே தனி. ஓடுகிற பஸ்ஸில் விழாமல் நிற்கிறவர் மாதிரி கால்களை அகட்டுவார். வயிறு மறைப்பதால் பந்து தெரியாது. அதனால் ஒரு முழம் தள்ளி நின்று எட்டிப் பார்ப்பார். இரண்டு உள்ளங்கையிலும் எச்சில் துப்பித் தேய்த்து, அவள் தோளில் கிடக்கும் துண்டில் துடைப்பார். அவள் அந்தத் துண்டைத் தினமும் தனி வாளியில் ஊற வைத்தாள். வீட்டுத் துணிகளோடு சேர்க்க மாட்டாள். பிறகு, மாடியில் ஈரத்துணி பிழிகிறவர் மாதிரி மட்டையை முறுக்கிப் பிடித்து ஒரு வீசு வீசுவார். பந்து கிளம்பும்போது ஒழுங்காகக் கிளம்பும். பாதி வழியில் என்னவோ ஞாபகம் வந்தது போல வலது பக்கம் வளைந்து, மரங்களுக்குள் போய்விடும்.

வலது பக்கம் போகிறதே என்று அவர் இலக்குக்கு இடது பக்கமாகத் திரும்பி நிற்பார். அங்கேதான் கோளாறு. அப்படி நின்றால் தோள் திறந்துகொள்ளும். மட்டை வெளியிலிருந்து உடம்புப் பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பந்து பம்பரமாகச் சுழன்று இன்னும் வலது பக்கம் ஓடும். உடனே அவர் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திரும்புவார். வீசுவதற்கு முன்னாலேயே அடி முடிந்துவிட்டது, மீதி வெறும் காற்று என்று அவளுக்குத் தெரியும். ஒருமுறை தயங்கித் தயங்கி, கால் விரல்கள் ஒரே கோட்டில் இருந்தால் நல்லது சார் என்று சொல்லிப் பார்த்தாள். பை பேசுகிறது பாருங்கள் என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். அடுத்த வாரம் புது மட்டை வாங்கி வந்தார். அதற்கடுத்த மாதம் இன்னொன்று.

ஆனாலும் ஒருநாள் நல்ல மூடில் இருந்தபோது, தன் பந்தின் வளைசல் மட்டும் நேரானால் திடல் வேலை அவளுக்குத்தான் என்று அவராகவே வாக்குக் கொடுத்தார்.

வழி தானாகவே கிடைத்தது. ஒரு காலைப் பயிற்சியில் முழங்கால் சுருக்கென்று இழுக்க, அவள் அவருக்கு எதிரே நாலடி தள்ளிப் பையைத் தொப்பென்று தரையில் போட்டுவிட்டாள். பை, தூரத்தில் குறிக்காக நட்டிருந்த கொடிக்கம்பத்துக்கு நேராக நீளவாக்கில் கிடந்தது. அவர் அதைப் பார்த்தபடியே கால்களை நகர்த்தி, பைக்கு இணையாக வந்து நின்றார். பந்து நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. அன்றிலிருந்து பயிற்சி ஆட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் பையை அதே போலக் கிடத்தினாள். மனிதர் சுவரை ஒட்டி மேசை போடுகிறவர் மாதிரி தன்னையே நேராக்கிக்கொண்டார். இரண்டு மாதத்தில் வளைசல் போயே போய்விட்டது. எல்லாம் புது மட்டையின் மகிமை என்று கிளப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மட்டை விற்ற கடைப் பையனைத் தோளில் தட்டிக் கொடுத்தார்.

கிளப்பில் புல் வெட்டும் வண்டி ஓட்டுகிற அவள் கணவனுக்குப் பொறுக்கவில்லை. உண்மையைப் போட்டு உடைக்க வேண்டியதுதானே என்றான். சொன்னால் ரோஷம் வந்து மறுபடி கோணலாகத்தான் நிற்பார், வேலை கைக்கு வரட்டும் என்று அவள் அவனை அடக்கினாள்.

கிளப் கோப்பையின் கடைசி ஆட்டம் வந்தது. எதிராளி பல் டாக்டர், அவரும் கமிட்டியில் இருப்பவர். இதில் ஜெயித்தால் மறுநாளே உத்தரவு என்று கான்ட்ராக்டர் காலையில் வந்ததுமே அவளிடம் சொன்னார். போட்டியில் பையைக் கிடத்தக் கூடாது. நிற்பதற்குத் துணையாக எந்தப் பொருளைத் தரையில் வைத்தாலும் அந்தக் குழி எதிராளிக்குப் போய்விடும். அவள் பையை அதனோடு சேர்ந்த இரண்டு கம்பிக் கால்களில் நிறுத்தி, அவருக்குப் பின்னால் தள்ளியே வைத்தாள். இரண்டு மாதப் பழக்கம் கால்களில் மிச்சம் இருந்தது. யார் அதிகக் குழி ஜெயிக்கிறார் என்பதுதான் கணக்கு. பதின்மூன்று குழி வரை இருவரும் சமம்.

பதினான்காவதில் வலது பக்கம் முழுக்கக் குளம். கான்ட்ராக்டர் பந்தை வைத்தார், நின்றார், விலகினார், மறுபடி நின்றார். கால்கள் இடது பக்கம் நழுவுவதை அவள் பார்த்தாள். துண்டை வாங்குகிற சாக்கில் கிட்டே வந்தார். வாயில் காலையில் தின்ற முட்டையின் நெடி.

"பையைக் கீழ போடு," என்றார், உதடு அசையாமல்.

அவளுக்குக் காது கேட்கவில்லை என்பது போல மட்டையைத் துடைத்தாள்.

"எப்பவும் போடுவியே, அந்த மாதிரி போடு. வேலை வேணுமா வேணாமா?"

ஆக, தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்தேதான் கடைப் பையனைத் தட்டிக் கொடுத்திருக்கிறார். அப்படியிருந்தும் அவள் கை பையைக் கிடத்திவிட்டது. கொடிக்கம்பத்துக்கு நேராக, ஒரு விரல் பிசகாமல். அந்தக் கையைத்தான் அவளால் பிறகு மன்னிக்கவே முடியவில்லை.

பந்து குளத்தை ஏறிட்டும் பார்க்காமல் நேராகப் போய் விழுந்தது. பல் டாக்டர் கைதட்டவில்லை. நடந்து வந்து, பைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"பை ரொம்ப ஒழுங்கா விழுந்திருக்கே," என்றார்.

தானாக நழுவி விழுந்தது, அவளுக்கு முழங்கால் சரியில்லை, பாவம், என்று கான்ட்ராக்டர் அடுக்கினார். வேண்டுமானால் அவளையே கேளுங்கள் என்று அவள் பக்கம் திரும்பினார். பதினோரு வருடத்தில் அவர் அவளுடைய முழங்காலைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீயே சொல்லும்மா," என்றார் டாக்டர்.

'நழுவிடுச்சு சார்' என்ற பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதோடு கூரை, நாற்காலி, சுமையில்லாத தோள் எல்லாம் வரிசையாக நின்றன. முட்டை நெடி மட்டும் இன்னும் போகவில்லை.

"நான்தான் வெச்சேன் சார். அவர் போடச் சொன்னார், போட்டேன். பைக்கு நேராத்தான் அவருக்கு நிக்க வரும். ரெண்டு மாசமா அப்படித்தான்."

குழி டாக்டருக்குப் போனது. கான்ட்ராக்டர் அவளைப் பார்க்கவில்லை. பந்தையும் சரியாகப் பார்க்கவில்லை. பதினைந்தில் மரத்துக்குள் அடித்தார், பதினாறில் பந்தைத் தேடவே முடியவில்லை. மூன்று குழி பின்தங்கிய பிறகு மீதி இரண்டை ஆட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பை ஒப்படைக்கும் இடத்தில், திடல் வேலை கடைப் பையனுக்கு என்று அவள் காதுபடவே எழுத்தரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் மட்டைகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தபோது பல் டாக்டர் தனியாக வந்தார். நேர்மையான பொம்பளை என்று பாராட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வர்ற வாரம் எனக்கும் பயிற்சியில அப்படிப் போட்டுக் காட்டு. எனக்குக் கொஞ்சம் இடது பக்கம் போகுது."

அவள் அவருடைய பாதங்களைப் பார்த்தாள். வலது கால் ஒரு சாண் பின்வாங்கி, சுவர் மூலையில் ஒண்ணுக்குப் போகிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்தே அதைக் கவனித்திருந்தாள்.

"என்னால இனிமே சுமக்க முடியாது சார். திடல் வேலையை எனக்கு வாங்கிக் குடுங்க, தினமும் வந்து நில்லுங்க, சரி பண்ணித் தரேன்."

"அது தலைவர் முடிவும்மா. நான் எப்படித் தலையிட முடியும்?" என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

எழுத்தரிடம் போய், நாளைக்குப் பை சுமப்பவர்கள் பட்டியலிலிருந்து தன் பெயரை அடித்துவிடச் சொன்னாள். எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்டார். மொத்தமாக என்றாள். எச்சில் துண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, குழாயடியில் முழங்கை வரை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

புல் வண்டியை நிறுத்திவிட்டு வந்த கணவன் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"சாப்பிடப் போறேன். மத்ததை நாளைக்குப் பாப்போம்," என்றவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.