கர்ட்டனுக்கு என்று ஒரு பொய்

ஒரு வீட்டில் பெண் கொடுக்கப் போகிறோம் என்றால் மதுரைக்காரர்கள் முதலில் எங்கே போவோம்? அந்த வீட்டுக்கா? ஊஹூம்... தெருமுனை டீக்கடைக்கு. ஒரு டீயைச் சொல்லிவிட்டு, பச்சை கேட் வீட்டுக்காரங்க எப்படிண்ணே என்று ஆரம்பித்தால் போதும். பையன் குடிப்பானா, மாமியார் வாய் எப்படி என்று எல்லாம் வந்து விழும்.

சமீபத்தில் நான் அதே முறையில் மூன்று மேக்கர் ஸ்பேஸ்களை விசாரித்தேன். சிரிக்காதீர்கள், முழுசாகக் கேளுங்கள்.

மேக்கர் ஸ்பேஸ் என்றால் வேறொன்றும் இல்லை. கட்டிங் மெஷின், டிரில்லிங் மெஷின், த்ரீடி பிரிண்டர் என்று வீட்டில் வாங்கி வைக்க முடியாத சாமான்களை ஓர் இடத்தில் போட்டு வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் போய்த் தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளலாம். சொல்லிக்கொடுக்க ஆளும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. நம் ஊரில் யார் யாரைச் சும்மா மெஷினைத் தொட விடுகிறார்கள்? எங்கள் தெருவில் ஒரு ஏணியை இரவல் கொடுத்தால், திருப்பி வாங்குகிற வரைக்கும் கூடவே நிற்பார்கள்.

எனக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்? என் நாத்தனார் சந்திராதான் சம்பந்தம்.

சந்திரா சோழவந்தானில் கணக்கு டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று சொந்தமாக வீடு கட்டித் தனியாக வாழ்ந்தவள். ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததில் தோளில் நரம்பு அறுந்து இடது கை தொங்கிப்போனது. ஆபரேஷன், பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. இனி இம்புட்டுத்தான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அதிலிருந்து பழங்காநத்தத்தில் எங்களோடு இருக்கிறாள்.

ஒரு கையால் குளிக்கிறாள், தோசை சுடுகிறாள், போனில் என்னைவிட வேகமாக டைப் அடிக்கிறாள். சேலை மட்டும் கட்ட வரவில்லை. கொசுவம் மடிக்க ஒரு கை, மடித்ததைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டுமே! தினமும் நான்தான் கட்டிவிடுவேன். நான் கட்டி முடிக்கிற வரைக்கும் அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

சுடிதார் போட்டுக்கோ என்று சொல்லாத ஆள் இல்லை. கொசுவம் வைத்துத் தைத்த சேலை விற்கிறதே என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"பீரோவுல இருக்கிற அம்புட்டுச் சேலையையும் வெட்டித் தைக்கவா மதினி? என் சேலைய நானே கட்டிட்டேன்னா என் வீட்டுக்குப் போயிருவேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

மெடிக்கல் லீவு முடிய அதிக நாள் இல்லை. மடிக்க மடிக்கக் கொசுவத்தைப் பிடித்துக்கொள்கிற மாதிரி, சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கிளிப் இருந்தால் போதும் என்பது அவள் கணக்கு. கடையில் கிடைக்காது. செய்யத்தான் வேண்டும். மேக்கர் ஸ்பேஸ் என்ற வார்த்தையையே அவள்தான் போனில் தேடி எனக்குச் சொன்னாள். கூட வருகிறேன் என்றும் கிளம்பினாள்.

நான் விடவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். நல்ல காரியம் கைகூடுகிற வரைக்கும் வெளியே மூச்சு விட மாட்டோம். பெண் பார்க்கப் போவதைக்கூட மருத்துவமனைக்குப் போவதாகத்தான் சொல்வோம். அதுவும் இது சேலை சமாச்சாரம்... நான் பார்த்துட்டு வாரேன், நீ இரு என்று சொல்லிவிட்டுப் போனேன்.

முதல் இடம் கே.கே. நகரில், கண்ணாடிக் கட்டிடத்தின் மாடியில். ஏசி, சுவரெல்லாம் ராக்கெட் படம், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத மூட்டை நாற்காலி. உள்ளே நுழைந்ததும் என்னை நிற்க வைத்து போட்டோ எடுத்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்டது அதற்கப்புறம்தான். பிரிண்டர் மேல் சுற்றி வந்த பாலிதீன்கூடப் பிரிக்கவில்லை. உங்கள் ஐடியாவை முதலீட்டாளர்கள் முன்னால் பேச வைக்கிறோம் மேடம் என்றார் ஒரு தம்பி. எனக்குக் கிளிப்தானப்பா வேண்டும்! கீழே டீக்கடையில் விசாரித்தேன். "நெறய பேரு போறாய்ங்க, வாராய்ங்கக்கா. ஒரு சாமானும் கீழ எறங்கி நான் பாக்கல" என்றார். முடிந்தது கதை.

இரண்டாவது, ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி. பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று போர்டு வைத்திருந்தார்கள். அந்தப் பொதுமக்களை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போனால் அறை பூட்டியிருந்தது. சாவி ஒரு புரொபசரிடம், அவர் கருத்தரங்குக்குப் போயிருந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மெஷின் மேல் அப்படியே இருந்தன, சுவிட்ச் மேல் வைத்த பொட்டு உட்பட. அதற்கப்புறம் யார் அதைத் தொட்டிருக்கப் போகிறார்கள்? டீக்கடைக்குப் போகவே இல்லை.

மூன்றாவது கப்பலூர். தொழிற்பேட்டைக்குள் ஒரு பழைய தகர ஷெட். பட்டறைக்காரர்கள் சிலர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். உள்ளே ஒரே சத்தம், தரையெல்லாம் மரத்தூள். ஒருவர் குழந்தைக்கு நடைவண்டி செய்துகொண்டிருந்தார். ஓர் அம்மா முறுக்கு அச்சுக்குப் புதுக் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்தார். பாதியில் நிற்கிற சாமான்களெல்லாம் திறந்த அலமாரியில் கிடந்தன. பூட்டு இல்லை, பெயர் இல்லை. யாரும் எடுத்துப் போக மாட்டார்களா என்றேன். எதுக்குக்கா எடுக்கணும் என்றார் பொறுப்பாளர் சரவணன். டீக்கடையிலும் ஒரு குறை சொல்லவில்லை. நம் ஊரில் ஒரு டீக்கடை ஒருவரைப் பற்றிக் குறையே சொல்லவில்லை என்றால் அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம்தானே!

பொருளுக்கு மட்டும் செலவு, மெஷின் சும்மா. ஒரே ஒரு நிபந்தனை. செய்கிற சாமானுடைய வரைபடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும், தேவைப்படுகிற யாரும் அதைப் பார்த்துச் செய்துகொள்வார்கள்.

ஆஹா... வந்துவிட்டதா விஷயம்? நம் சந்திரா மூளையைக் கசக்குவாளாம், இவர்கள் நாளைக்கே ஆயிரம் கிளிப் அடித்துக் கடை கடையாகப் போடுவார்களாம். நான் என்ன இளிச்சவாயா? அதோடு, முன்னப்பின்ன தெரியாத ஆண்களிடம் கொசுவம், இடுப்பு உயரம் என்றெல்லாம் எப்படிச் சொல்வது?

மூன்றடி உயரத்தில் துணியைப் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு கிளிப் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். என்ன துணிக்குக்கா என்று சரவணன் கேட்டதும் சட்டென்று சொன்னேன் — கர்ட்டனுக்கு.

மூன்றடி உயரத்தில் எதற்குக் கர்ட்டன் கிளிப் என்று அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு செய்து கொடுத்தார். எஃகு ஸ்பிரிங், உள்ளே வரிசையாகப் பல். கனத்த துணி பாருங்க, நழுவவே நழுவாது என்றார். காரியத்தை யாருக்கும் தெரியாமல் முடித்துவிட்ட பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரர் அதைச் சுவரில் மாட்டிக் கொடுத்தார். மறுநாள் காலையில் சந்திரா, யாரும் வராதீங்க என்று கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். வளையல் சத்தம் கேட்டது. முனகல் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"மதினி... மாட்டிக்கிருச்சு."

கிளிப் நழுவவே இல்லை! ஒரு கையால் ஸ்பிரிங்கை அழுத்தி இன்னொரு கையால் துணியை உருவ வேண்டும். அவளிடம் ஏது இன்னொரு கை? இழுத்தால் சுங்குடிச் சேலை பல்லில் கிழிகிறது. கதவைத் திறக்கலாம் என்றால் எட்டவில்லை. கதவை உடைக்கவா என்று என் வீட்டுக்காரர் பதறினார். வேணாம் அண்ணே என்று ஒரு சத்தம் போட்டாள். அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதில்லை.

கடைசியில் சேலையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துப் போட்டுவிட்டு, நைட்டியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். சேலை சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் வியர்வை. அழுதிருந்தாள்.

"அவங்ககிட்ட என்னன்னு சொல்லிச் செய்யச் சொன்னீங்க?"

சொன்னேன். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"கர்ட்டன் கேட்டா கர்ட்டனுக்குத்தான் செய்வாங்க. கை வராதது எனக்கு. எனக்கே வெக்கமா இல்ல மதினி, உங்களுக்கு எதுக்கு வெக்கம்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே கப்பலூருக்குக் கிளம்பினாள். நான் பின்னாலேயே போனேன். ஷெட்டுக்கு நடுவில் நின்று, போட்டிருந்த சுடிதார் மேலேயே சேலையைச் சுற்றினாள். எனக்கு இடது கை வராது, சேலையை நானே கட்டணும், எங்கே சிக்கலாகுதுன்னு பாருங்க என்று எல்லோர் முன்னாலும் பாடம் நடத்துகிற மாதிரி நடத்தினாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எனக்குக் காதெல்லாம் சுட்டது.

சரவணன் சேலையை வாங்கித் தன் பேன்ட் மேல் சுற்றிக்கொண்டார். இடது கையை பாக்கெட்டுக்குள் விட்டார். வலது கையால் கொசுவம் மடித்தார், விழுந்தது. மறுபடி மடித்தார், விழுந்தது. நடைவண்டிக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு கையை பாக்கெட்டில் விட்டார். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். மீசை வைத்த ஆம்பளைகள் ஒற்றைக் கையோடு கொசுவத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்! கேலி பண்ணுகிறார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

எந்தக் கையால் கிளிப்பை விடுவிப்பது என்பதில்தான் எல்லோரும் முட்டி நின்றார்கள்.

"கால் ரெண்டும் நல்லாத்தான இருக்கு" என்றாள் சந்திரா.

அவ்வளவுதான். தையல் மெஷின் பெடல் மாதிரி ஒன்று கீழே வந்தது. அழுத்தினால் வாய் திறக்கும், விட்டால் மூடும். எஃகுப் பல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, இழைத்த மரத்தில் மெத்தென்று துணி ஒட்டினார்கள். ஒரே நாளில் முடியவில்லை. சந்திரா ஒவ்வொரு ஞாயிறும் போய், கட்டிப் பார்த்து, குறை சொல்லிவிட்டு வந்தாள்.

வேலை முடிந்ததும் வரைபடத்தை அலமாரியில் வைத்தாள். யோசிச்சுக்கோடி, எவனாவது காப்பியடிப்பான் என்று காதோடு சொன்னேன். அடிக்கட்டும், இன்னொருத்தி தானே கட்டிக்குவா என்றாள். என் சந்தேகம் இன்னும் போகவில்லை. ஆனால் அது அவள் சாமான், அவள் இஷ்டம்.

போன திங்கட்கிழமை லீவு முடிந்தது. சோழவந்தான் வீட்டைக் கழுவிவிட்டு பெட்டியெல்லாம் முந்தின நாளே கொண்டுபோய்ப் போட்டாயிற்று, அங்கேயும் சுவரில் இதே மாதிரி ஒரு கிளிப் மாட்டியாயிற்று. காலையில் கதவு சாத்தியிருந்தது. பெடல் சத்தம் கேட்டது, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டது. நான் அடுப்பில் இருந்த பாலை மறந்துபோனேன்.

கதவு திறந்தது. மயில் கழுத்து நிறச் சேலை. முழுசாகக் கட்டியிருந்தாள். கொசுவம் மட்டும் ஒரு பக்கம் கோணலாக இருந்தது. என் கை தானாக அவள் இடுப்புக்குப் போனது.

"கைய எடுங்க மதினி. கோணலா இருந்தாலும் நான் கட்டுனது."

எடுத்துவிட்டேன். போயிட்டு வாரேன் என்று இறங்கி, பஸ் ஸ்டாப் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

சேலை இடது பக்கம் கொஞ்சம் நல்லாவே இறங்கியிருந்தது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.