நிற்காத சேவையும் அடங்காப்பிடாரியும்

மருத்துவமனையின் கணினி அறையில் அவளுக்கு அடங்காப்பிடாரி என்று பெயர். வைத்தவர் மேலாளர், அவளுக்கும் அதில் வருத்தமில்லை. இத்தனை சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவள் அடங்கிப்போனால் வேலைக்கு ஆகுமா?

அங்கே பின்னணியில் ஒரு சேவை, அதாவது ஓயாமல் இயங்கும் ஒரு மென்பொருள், ஓடிக்கொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனை இயந்திரங்களிடமிருந்து முடிவுகளை வாங்கிச் சேமிப்பதுதான் அதன் பிழைப்பு. ஓடும்போது தங்கம். புதுப்பிப்பதற்காக நிறுத்தச் சொன்னால் மட்டும் நிற்காது. சர்வரை இயக்கும் லினக்ஸ் ஒன்றரை நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அப்போது அது கையில் வைத்திருக்கும், இன்னும் சேமிக்காத முடிவுகளும் அதோடு போய்ச் சேரும். முடிவைப் பறிகொடுத்தவர்கள் மறுபடி ஊசிக்குக் கை நீட்ட வேண்டும். போன முறை நீட்டியது ஒரு கைக்குழந்தை. அது வீறிட்டது கணினி அறை வரை கேட்டது.

இந்த முறை அந்த ஒன்றரை நிமிடக் கெடுவை எடுத்துவிட்டுத்தான் நிறுத்தச் சொன்னாள். சேவை அசையவில்லை. முடிவு வாங்கும் கவுண்டரில் கூட்டம் சேர, மேலாளர் ஓடி வந்தார்.

“என்னம்மா பாத்துட்டிருக்க? அடிச்சு நிறுத்து!”

“மாட்டேன் சார். அது யாரோட பதிலுக்கோ காத்துக்கிட்டிருக்கு. யாருன்னு பாக்கணும்.”

“வேலை போயிடும்.”

“போகட்டும்.”

சேவை நெட்வொர்க்கில் எந்த முகவரியை விடாமல் தட்டுகிறது என்று பார்த்தாள்; பரிசோதனைக்கூடத்தின் மூலையில் இருந்த இயந்திரத்தின் முகவரி. உடனே பரிசோதனைக்கூடத்து அக்காவுக்கு போன் போட்டாள்.

“அக்கா, மூலையில இருக்கிற மெஷின் ஓடுதா?”

“எந்த மெஷின்? அதத்தான் போன வருஷமே தூக்கிட்டாங்களே!”

விஷயம் இதுதான். நிற்கும் முன் ஒவ்வோர் இயந்திரத்திடமும் விடைபெற்று, பதில் வந்த பிறகே முடிவுகளைச் சேமிக்கும்படி அதை எழுதியிருந்தார்கள். இயந்திரத்தைத் தூக்கியவர்கள் சேவைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவம், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவரிடம் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வாசலிலேயே நின்றிருக்கிறது.

அவள் தன் மடிக்கணினிக்கு அந்தப் பழைய முகவரியைக் கொடுத்து, இயந்திரத்தின் இடத்திலிருந்து தானே ‘சரி’ என்று பதில் அனுப்பினாள். மறு நொடி சேவை அத்தனை முடிவுகளையும் சேமித்துவிட்டுச் சமர்த்தாக நின்றது. அதன் பட்டியலிலிருந்து பழைய முகவரியை நீக்கிவிட்டு மீண்டும் ஓடவிட்டாள்.

மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நல்லது. அந்தக் கெடுவ மட்டும் பழையபடி போட்டுடு.”

“போட மாட்டேன் சார்.”

“மேலிடத்துல கேட்டா நான் என்ன சொல்றது?”

“நான் மறுத்துட்டேன்னு சொல்லுங்க. ரெண்டாவது தடவ குத்து வாங்கறது மேலிடத்துக் கை இல்லையே.”