புஷ்பம் அக்காவின் சவர்க்காரத் தண்ணீர்

புஷ்பம் அக்கா காலமாகிவிட்டார் என்று தொலைபேசி வந்தபோது, நான் அடுப்பும் படுக்கையும் உள்ள எங்கள் மோட்டார்ஹோம் வண்டியின் கூரையில் ஒட்டுப்பட்டிருந்தேன். கூரை வெடிப்புகளுக்குப் பசை பூசுகிறேன் என்று ஏணிப் பக்கத்தில் தொடங்கி, திரும்ப வழியில்லாமல், பூசிய இடத்திலேயே முழங்காலை ஊன்றிவிட்டேன். "அந்தத் தொங்கலில தொடங்கி ஏணியடியில முடிக்கவேணும், தம்பி" என்று அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! கடைசியில் காற்சட்டையைக் கூரையிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். மில்லிக்கனில் எங்கள் தெரு முழுக்கப் பார்த்தது.

பாடசாலை பஸ்கள் திருத்தும் கராஜில் அக்கா முப்பது வருடம் வேலை செய்தது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதன் அருமை விளங்கியது, இருபது வயதான இந்த வண்டியை நான் வாங்கிய அன்றுதான். "அடுப்பு இருக்கெண்டா அது வீடுதான். பால் காய்ச்சாமல் ஒருத்தரும் படுக்கேலாது" என்றாள் மனைவி. நல்ல நேரம் பார்த்து, சொந்தக்காரரைக் கூப்பிட்டு, பால் பானையை வைத்து, தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் படியில் கால் வைத்த அக்கா, "கொளுத்தாதை! எல்லாரும் கீழ இறங்குங்கோ!" என்று கத்தினார்.

காஸைப் பூட்டி, கதவு யன்னல் எல்லாம் திறந்துவிட்டு, ஒரு போத்தலில் சவர்க்காரத் தண்ணீர் கரைத்தார். பிறகு காஸை மெல்லத் திறந்து, குழாய் மூட்டில் விசிறினார். குமிழி குமிழியாய் வந்தது. "பாலுக்கு முதல் நீங்கள் பொங்கியிருப்பியள். ஒருத்தருக்கும் மணக்கேல்லையோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்குத் தடிமன், மூக்கு அடைச்சிருக்கு, அக்கா" என்றேன்.

அடுத்த மூன்று சனிக்கிழமைகளும் அவரே வந்தார். கார்ட்போட் மட்டையில் படுத்து, தேயாத ரயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த தயாரிப்பு இலக்கத்தை வாசித்தார். "உது உன்ரை மகள் பாலர் வகுப்புக்குப் போன வருசத்து ரயர். ஓடின வாகனம் தேயும், நிண்ட வாகனம் உக்கும்." மகள் அப்போதே கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உட்சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்று, "இதில வெட்டு" என்றார். வெட்டினேன். உள்ளே மரம் நீர் கசிந்து உக்கி, தேத்தண்ணியில் தோய்ந்த பாண் மாதிரி இருந்தது. ஓரங்குலம்கூடத் தவறவில்லை. நான் மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்பதுபோல நின்றேன்.

"ஹவ் டிட் யூ நோ, அன்ரி?" என்றாள் மகள்.

"சுவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, பிள்ளை."

அவருடைய இறுதி நிகழ்வில் என்னையும் பேசச் சொன்னார்கள். ரயர் கதையையும் காற்சட்டைக் கதையையும் சொன்னேன், அழுதவர்களும் சிரித்தார்கள். அந்தச் சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் அதை விசிறிப் பார்க்காமல் அடுப்பு மூட்டுவதில்லை.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பால் காய்ச்சிய அன்று, அவர் வருமுன்பே அந்தக் காஸ் மணம் எனக்கு வந்திருந்தது. நல்ல நேரம் போகிறதே, இத்தனை பேருக்கு முன்னால் பழசை வாங்கி ஏமாந்தவன் ஆகிவிடுவேனே என்றுதான் தீப்பெட்டியை எடுத்தேன்.

அக்கா, அன்றைக்கு எனக்குத் தடிமன் இல்லை.