மியூசியத்தில் என்னை நடக்கவிட்டார்கள்

எழுபதுகளின் நடுவில், பி.யூ.சி. பரீட்சை முடிந்த லீவில், மெட்ராஸ் மியூசியத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று அப்பா சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சிதம்பரத்தில் பி.எஸ்சி. விலங்கியல் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது என் ஆசை. அதைச் சொல்லும்போதெல்லாம் "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்து ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுகிற மனிதர், ஆதிமனிதர்களைப் பற்றிப் புதிதாகக் கூடம் திறந்திருக்கிறார்கள், நீ அவசியம் பார்க்கணும் என்கிறார். சம்மதித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அம்மா என்னைத் தாவணியில் வர விடவில்லை. தன்னுடைய பட்டுப்புடவையை எடுத்துச் சுற்றிவிட்டாள். பண்ருட்டி தாண்டுவதற்குள் பஸ்ஸில் வேர்த்து ஊற்றியது. "செத்த குரங்கைப் பாக்கப் பட்டு எதுக்கும்மா?" என்று கேட்டேன். "மெட்ராஸ்ல நாலு பேரு பார்ப்பாவ, வாய மூடிட்டு வாட்டி" என்றாள். திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் அவள் பேச்சு மட்டும் அங்கேயே இருந்தது.

ஜன்னலே இல்லாத நீளமான கூடம். ஒரு பக்கம் மண்டை ஓடுகள், கல் ஆயுதங்கள். எதிர்ப்பக்கம் கண்ணாடிக்குள் ஆளுயரப் பொம்மைகள் வரிசையாக நின்றன. முதல் ஆளின் கை தரையைத் தொட்டது, அடுத்தவன் கொஞ்சம் நிமிர்ந்திருந்தான், கடைசி ஆள் ஈட்டியும் கையுமாக நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அத்தனையும் ஆண்கள். "பொம்பளையே இல்லாம எப்படிப்பா இத்தனை தலைமுறை வந்துச்சு?" என்று கேட்டேன். "நம்ம மைன்ஸ் கரி இவங்களுக்கெல்லாம் முந்தினது" என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டு அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாசல் வழியாக ஒரு கணவன், மனைவி, பின்னால் முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பையன் வந்தார்கள். "அடடே, நீங்க எங்க இந்தப் பக்கம்!" என்றார் அப்பா. அவருக்கு நடிப்பு சுத்தமாக வராது. வந்தவர் மைன்ஸில் அப்பாவோடு வேலை பார்ப்பவர். நெய்வேலி கம்பெனிக் குவார்ட்டர்ஸிலேயே வேறொரு பிளாக்கில் குடியிருப்பவர்கள், இங்கே மண்டை ஓடுகளுக்கு நடுவில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்கிறார்களாம். பட்டுப்புடவையின் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் ஊரில் பெண் பார்க்க வீட்டுக்கு வந்தால் ஒரு ஷிஃப்ட் முடிவதற்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். வேண்டாம் என்று போய்விட்டால் பேச்சு பெண்ணுக்குத்தான். கோயிலில் வைத்துக்கொள்ளலாமென்றால் சிதம்பரம், வடலூர் எங்கே போனாலும் குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர் எதிரே வந்து விசாரிப்பார். மியூசியத்துக்கு எவன் வரப்போகிறான் என்று அப்பா கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கில் தப்பில்லை. எங்களைத் தவிர அங்கே ஈ காக்கை இல்லை.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தக் கோடியில என்ன எழுதிருக்குன்னு பாத்துட்டு வாம்மா, எனக்குக் கண்ணு தெரியல" என்றார். மூக்கில் கண்ணாடி இருந்தது. நடை பார்க்கிறார்கள். ஓடிவிடலாமா என்று நினைத்தேன். இருந்தது ஒரே வாசல், அதை அடைத்துக்கொண்டு அப்பா நின்றார். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள்.

கோபம் தலைக்கேறியது. முதல் பொம்மையைப் போலவே கூனிக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, வலது காலை இழுத்து இழுத்து அந்த வரிசை நெடுக நடந்தேன். அப்படியே திரும்பியும் வந்தேன். தொலைந்தது கல்யாணம் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மா முகத்தில் ரத்தமே இல்லை.

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்லருந்து உன் பின்னாலதான வந்தோம்! நல்லாத்தான துள்ளிக்கிட்டு வந்தே. சும்மா முறைக்குத்தான் நடக்கச் சொன்னேன். எங்க வீட்ல சிரிக்க ஒரு ஆளு வேணும்னுதான் தேடிட்டிருக்கோம்" என்றார். பையனும் சிரித்தான். நானே போய் மாட்டிக்கொண்டேன்.

பிறகு அந்த அம்மா கனிவாகவே கேட்டார்: "மேல படிக்க ஆசை இருக்காம்மா?"

அப்படி நேராக என்னை யாருமே கேட்டதில்லை. வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது மதினி. நாங்க சொல்றதுதான் அவளுக்கு" என்றார் அப்பா. எல்லோரும் காப்பி குடிக்கக் கிளம்பினார்கள். நானும் போனேன்.

ஆவணியில் கல்யாணம். மாமியார் கைபிடித்து உள்ளே கூட்டிப்போன, கம்பெனி ஒரே பிளானில் கட்டிய குவார்ட்டர்ஸ் அச்சு அசல் எங்கள் வீடு. அதே ஹால், இடது கைப் பக்கம் அதே சமையலறை. பால் காய்ச்சச் சொன்னார்கள். யாரையும் கேட்காமல் நேரே போய், இருட்டில் தடவாமலே ஸ்விட்சைப் போட்டேன். "பாத்தீங்களா, வந்த அன்னைக்கே வீடு பழகிப்போச்சு!" என்று மாமியார் பூரிப்போடு எல்லோரிடமும் சொன்னார். சிதம்பரத்தில் வகுப்புகள் ஆரம்பித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறந்த வீட்டிலிருந்து புறப்படும்போது வராத அழுகை, அந்த ஸ்விட்சுக்கு முன்னால் நிற்கும்போது வந்தது.