பிறந்த வீட்டைத் தேடிப் போன பேருந்து

2009 தை மாதம் நானும் என் பேத்தி கவிதாவும் சுருளிப்பட்டியிலிருந்து மார்க்கையன்கோட்டைக்குப் போய் வந்தோம். கோயிலுக்கு இல்லை, அருவிக்கும் இல்லை. எங்கள் சொந்தத்தில் யார் யார் சின்ன வயதில் வயிற்றுப் புற்றுநோயில் போனார்கள் என்று கேட்டு வரத்தான். உங்களிடமும் டாக்டர் இப்படிக் கேட்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

கவிதாவுக்கு இருபத்தைந்து வயது. எம்.சி.ஏ. முதல் வகுப்பு (ஐந்தாவதோடு நின்றவள் நான், இதைச் சொல்லாமல் எப்படி?). அவள் அப்பா, என் மகன், முப்பத்தாறு வயதில் இந்த நோயில்தான் போனான். மதுரை டாக்டரம்மா சொன்னார்: "வயித்துச் செல்லுகளை ஒட்டி வைக்கிற மரபணு ஒண்ணு இருக்கும்மா. அதுல பிழை இருந்தா இளவயசுலயே வரலாம். பெத்தவுகள்ல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர்றது பாதிக்குப் பாதி. குடும்பத்துல வேற யாருக்கு வந்துச்சு?"

நான் வழக்கப்படி வீட்டுக்காரரின் பங்காளிகளை மூன்று தலைமுறைக்குச் சொன்னேன். ஒருவருக்கும் இல்லை. "அப்ப பரம்பரை மாதிரித் தெரியலயே" என்றார்.

திரும்பும் வழியில் கவிதா கேட்டாள்: "அப்பத்தா, உன் பொறந்த வீட்டை நீ சொல்லவே இல்லையே?"

வாக்கப்பட்டு ஐம்பது வருடம். கல்யாணத்தோடு குலதெய்வமே மாறிவிட்டது. ரத்தமும் மாறிவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

காலை 6.40க்கு டவுன் பஸ். கம்பம் பத்து கிலோமீட்டர், நான்கு ரூபாய். திராட்சைப் பந்தல்களின் மேல் பனி படுத்துக் கிடந்தது. அடியில் நடந்தவர்களுக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. அதில் ஒரு ஜோடிக் கால் என் தம்பியுடையது போலத் தோன்றியது. அவன் போய் இருபத்திரண்டு வருடம். கம்பத்தில் பஸ் மாறி, கண்ணை மூடித் திறந்தால் சின்னமனூர். ஏழு ரூபாய், முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

"விசேஷ வீடா ஆத்தா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பொறந்த வீடுப்பா."

"அப்ப வெறுங்கையோடயா போறீக?"

இறங்கி இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன்.

தம்பி மனைவி செல்லத்தாய் என்னைப் பார்த்ததும், "என்ன மதினி, திராட்சைக்கு வெல பேச வந்தவுக மாதிரி வாசல்லயே நிக்கிறீக?" என்றாள். காப்பி குடித்தபின் கேட்டேன், தம்பி எதில் போனான் என்று.

"குடியிலதான். ஊருக்கே தெரியுமே."

அவன் காப்பிக்கு மேல் எதையும் தொட்டதில்லை. அதை அவளிடமே சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். "மல்லிகாவுக்கு மாப்பிள்ளை பாக்குறோம். குடிகாரன் மகள்னா கட்டுவாக மதினி. புத்துநோய்க்காரன் மகள்னா கட்டுவாகளா?"

"இது ஒன் புருசன் தேடிக்கிட்டது இல்ல ஆத்தா. எங்க அப்பன் வீட்டுது. எனக்குள்ளயும் இருக்கும்போல. என் மகனுக்கு நான்தான் குடுத்திருக்கேன்."

கதவோரம் நின்ற மல்லிகா, "அப்பா போறப்ப முப்பத்தொண்ணு வயசு. எழுதிக்கங்க அத்தை. எனக்கும் ரத்தம் பாக்கணும்" என்றாள். செல்லத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகளைத் தடுக்கவில்லை.

மாசியில் மூன்று பேரும் ரத்தம் கொடுத்தோம். மல்லிகாவுக்குப் பிழை இல்லை. எனக்கு இருந்தது, அறுபத்தாறு வயது வரை என்னை ஒன்றும் செய்யாமல் தூங்கியிருக்கிறது. சிலருக்கு அப்படி ஆகுமாம். கவிதாவுக்கும் இருந்தது. அவள் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததில் கடுகளவு இரண்டு புற்றுப் புள்ளிகள். சித்திரையில் இரைப்பையையே எடுத்துவிட்டார்கள்.

இப்படிக் கேட்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கட்டிக்கொடுத்த பெண்களின் வீட்டையும், கட்டி வந்த பெண்களின் வீட்டையும் விடாதீர்கள். நோயை மாற்றிச் சொல்வார்கள், அதனால் எந்த வயதில் போனார் என்று கேளுங்கள். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று கிடைத்தாலும் பத்திரம். வாசலில் வைத்துக் கேட்காதீர்கள்.

கவிதா இப்போது ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள். நான் எழுதியதை அரை இட்லியோடு உட்கார்ந்து தட்டச்சு செய்கிறாள். அதை முடிக்கட்டும், மீதி அரையை வைக்கிறேன்.