ஸ்கல்லி கடை

ஃபிலோமினா கெரின் அந்த மதுக்கடையை வாங்கி வருஷக்கணக்காகிவிட்டது. கில்மொரான் ஊரில் ஒருத்தரும் அதை கெரின் கடை என்று சொன்னதில்லை. ஸ்கல்லி கடைதான். கடையை விற்ற டிம்ப்னா ஸ்கல்லி செத்துத் தொலைந்திருந்தாலாவது ஃபிலோமினா மன்னித்திருப்பாள். அவளோ எதிர்வரிசையிலேயே சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு, தினமும் மத்தியானம் வந்து கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அரைக் கோப்பை கறுப்பு பீரை வைத்துக்கொண்டு பொழுதை ஓட்டுவாள். உள்ளே வருகிறவன் எல்லாம் அவளைத்தான் முதலில் விசாரிப்பான். கோப்பை கழுவுகிறவள் இவள். வயிறெரியாமல் என்ன செய்யும்?

வாசலுக்கு மேலே முதலில் தன் பெயரையே பெரிதாக எழுத வைத்தாள். யாரும் சட்டை செய்யவில்லை. பிறகு 'துறைமுக விளக்கு' என்று மாற்றினாள். அதுவும் எடுபடவில்லை. கடைசியாக, பொன்னிற வண்ணத்தில் 'தங்கத் துடுப்பு'. அதை எழுதியவனே ஏணியை விட்டு இறங்கியதும், சாயங்காலம் ஸ்கல்லி கடைக்கு வந்துவிடு என்று தெருவில் போன ஒருவனிடம் சொன்னான். ஃபிலோமினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மார்ச் மாதம், ஒரு மத்தியானம், புகைபோக்கிக்குள் படிந்திருந்த கரி தீப்பிடித்து எரிந்தது. ஃபிலோமினா பக்கத்து டவுன் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு, கில்மொரான் தங்கத் துடுப்பு என்றாள். அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டான் அங்கிருந்தவன். கெரின் கடை என்றாள். கெரின் என்று ஒரு கடை தனக்குத் தெரியாது என்றான். வெளியே கூரைமேல் பொறி பறப்பதாகக் கூச்சல் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஸ்கல்லி கடைய்யா. ஸ்கல்லி கடை."

"அட, அதை முதல்லயே சொல்றதுக்கென்னம்மா," என்றான் அவன்.

வண்டி சடுதியில் வந்தது. கூரை தப்பியது. தீயணைப்பு ஆட்கள் தாகம் தீர்த்துக்கொண்டு புறப்பட்ட பிறகும் டிம்ப்னா போகவில்லை. கரித்தண்ணீரில் நனைந்துபோன தன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப திருப்திதானே உங்களுக்கு?" என்றாள் ஃபிலோமினா. "என் வாயாலயே சொல்ல வச்சாச்சு."

"என்ன திருப்தி? நான் இங்க நின்ன காலம் பூரா இதை டூலி கடைன்னுதான் சொன்னானுங்க. எனக்கு முன்னால கடை வச்சிருந்த ஆளு. அவன் செத்து எத்தனையோ வருஷம். உன்கிட்ட வித்துட்டுப் போன பிறகுதான் என் பேரு வந்துச்சு." டிம்ப்னாவின் பார்வை பீர் குழாயின் கைப்பிடிமேலேயே இருந்தது. "ஸ்கல்லி கடையில இன்னைக்கு நல்ல கூட்டம்னு ரோட்ல பேசிட்டுப் போறானுங்க. நான் வீட்டு ஜன்னல்ல இருந்து கேட்டுக்கிட்டிருக்கேன். உள்ள நிக்கிறது நீ. எனக்கு எரியாதா பொண்ணே?"

ஃபிலோமினா அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். தன் கண்ணாடியில் தினமும் பார்க்கிற அதே வயிறெரிகிற முகம்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு வயிறு குளிர்ந்தது. ஒரு கோப்பையை எடுத்தாள். டிம்ப்னா பார்க்கப் பார்க்க, கைப்பிடியைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக, ஊற்ற ஆரம்பித்தாள்.