தாய்மாமன் வந்த சைக்கிள்

எனக்குப் பஸ் ஆகாது. சிலருக்குக் கத்திரிக்காய் ஆகாது, சிலருக்கு மாமியார் ஆகாது. எனக்குப் பஸ். டீசல் வாசனை மூக்கில் ஏறினால் போதும், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி வெளியே வருவதற்குள் வாயில் உப்புத் தண்ணீர் ஊறிவிடும். எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், ஜன்னலோரம், வெறும் வயிறு, நிறைந்த வயிறு எல்லாம் பார்த்தாயிற்று. மொபெட் வாங்கிக்கொள்ளேன் என்று யோசனை சொல்லாதவர்கள் ஊரில் பாக்கியில்லை. டீசலாவது தூரத்தில் இருக்கும். மொபெட்டில் பெட்ரோலை இரண்டு காலுக்கு நடுவில் அல்லவா வைத்திருக்கிறான்? எனக்கு ஒத்துவந்தவை இரண்டுதான், சைக்கிளும் ரயிலும். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது.

இப்படிப்பட்டவனுக்கு ஊர் சுற்றும் ஆசையையும் கொடுத்து அனுப்பிய கடவுளை நான் அடிக்கடி திட்டியிருக்கிறேன். போதாக்குறைக்கு வேலை அச்சகத்தில். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று வருகிற பத்திரிகைகளுக்கெல்லாம் நான்தான் பிழை பார்ப்பேன். செந்துறைப் பக்கம் ஒரு கோயில், வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு மண்டபம் என்று உட்கார்ந்த இடத்திலேயே ஊர் ஊராகப் போய்வருவேன். பத்திரிகையின் அடியில் ‘பேருந்து வழி’ என்று போடுவார்களே, அந்த இடம் வரும்போது மட்டும் லேசாகக் குமட்டும்.

எனக்கு ஒரே தங்கை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்விட, அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தது நானும் என் மனைவியும்தான். ஆண்டிமடம் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் ஒரு ஊரில் கொடுத்தோம். மாப்பிள்ளை நல்ல மனிதர். ஆனால் அந்த ஊருக்குப் போக அரியலூருக்கு ஒரு பஸ், ஜெயங்கொண்டத்துக்கு ஒரு பஸ், அப்புறம் இன்னொரு பஸ். பொங்கல் வரிசை கொண்டுபோவது, குழந்தையைப் பார்க்கப் போவது எல்லாமே என் மனைவிதான். அவளுக்குப் பஸ்ஸில் ஏறினால் தூக்கம் வரும். ஜென்மத்துக்கும் அந்தப் பொறாமை எனக்குத் தீராது.

அவர்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது மட்டும் நானே போனேன். போனேன் என்பதைவிட, போய் விழுந்தேன் என்று சொல்ல வேண்டும். பந்தலில் உட்கார முடியவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் கிழிந்த துணிபோல் நாள் முழுக்கக் கிடந்தேன். தங்கையின் மாமியார், “தாய்மாமன் வந்தாரா, இல்ல தூக்கிட்டு வந்தாங்களா?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். அந்த அம்மாள் வாய்த் துடுக்கு, மனசில் ஒன்றும் கிடையாது. எனக்கு உறைத்தது வேறு. தங்கை வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இனிமே நீ சிரமப்படாதண்ணே. அண்ணி வந்தாப் போதும்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். போனில் எல்லாம் பேசுவாள், ‘வா’ என்ற ஒரு வார்த்தை மட்டும் வராது. குழந்தைக்கு மூன்றாம் வயதில் காது குத்தலாம் என்று அவள் வீட்டில் பேச்சு வந்தது. எங்கள் பெரியப்பா மகன் ஜெயங்கொண்டத்திலேயே இருக்கிறான், அவன் மடியில் வைத்துக் குத்திக்கொள்ளலாம் என்று மாமியார் சொன்னாராம். அவனும் அண்ணன் முறைதான், தப்பில்லை. தங்கையும் சரி என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு மேஜை மேல் கிடந்த காதுகுத்துப் பத்திரிகையில் ‘தாய்மாமன் மடியில்’ என்ற வரிக்கு வந்ததும், என்னால் மேலே படிக்க முடியவில்லை. குழந்தை பிறந்தது எங்கள் வீட்டில். முதலில் கையில் வாங்கியவன் நான். இன்னொருவன் மடியில் உட்கார்ந்து அவள் அழுவாள் என்பதை நினைக்கவே ஆத்திரமாக வந்தது.

அப்போது அச்சகத்துக்கு வந்தவர்தான் லப்பைக்குடிக்காட்டுப் பாய். ஷார்ஜாவில் வேலை. தன் தங்கையின் நிக்காஹ் பத்திரிகை அடிக்க வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். நானும் கொட்டிவிட்டேன். அரியலூர்வரை சைக்கிளில் போய்விடுவேன், அங்கிருந்து விருத்தாசலத்துக்கு ரயிலும் உண்டு, அதற்கப்புறம் கிடக்கிற தூரத்துக்குத்தான் வழியில்லை என்றேன். வெளியூர்க்காரனை நம்பி எந்தக் கடைக்காரன் வாடகைச் சைக்கிள் கொடுப்பான்? சைக்கிளை ரயிலில் பார்சல் போட்டால் நான் திரும்பி வந்த பிறகு அது போய்ச் சேரும். பாய்தான் ஒரு வழி சொன்னார். அவருடைய ரூமில் இருப்பவர்கள் இரண்டாக மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிற சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார்கள் என்றார். அடுத்த லீவுக்கு வரும்போது கொண்டுவருவதாகவும் சொன்னார். இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பாய் மறக்கவில்லை. சில மாதம் கழித்து அச்சகத்துக்கே போன் செய்தார். கடையில் நின்றுகொண்டிருக்கிறாராம், மூன்று சைக்கிள் இருக்கிறதாம். ஒன்று சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சக்கரம், மடக்கினால் சூட்கேஸ். இன்னொன்று அலுமினியம், கியர் எல்லாம் வைத்தது. மூன்றாவது இரும்பு. சக்கரம் கொஞ்சம் பெரிது, கியர் இல்லை, பின்னால் கேரியர் உண்டு. நான் கியர் என்ற சொல்லிலேயே மயங்கிப்போனேன். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே பேர் சொல்ல ஒரு மேடு கிடையாது, இருந்தாலும் கியர் கியர்தானே.

“கியர் வயரு அறுந்துச்சுன்னா யாரு சார் போடுவா? நான்தான் ஷார்ஜாவுலருந்து வரணும்” என்றார் பாய். “ஊர்ல எந்த டயரு கெடைக்குதுன்னு பாருங்க. ட்ரெயின்ல எங்க வெக்கப்போறீங்கன்னு பாருங்க. வெள்ளிக்கெழம திரும்பக் கூப்புடுறேன்.”

அந்த வாரம் முழுக்க எனக்குப் பித்துப் பிடித்ததுபோல இருந்தது. பெரம்பலூர் சைக்கிள் கடைகளில் ஏறி இறங்கினேன். தட்டுச் சக்கரத்துக்கு டயர் இல்லவே இல்லை. மூன்றாவது சைக்கிளின் டயர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டுகிற சின்னச் சைக்கிளின் அளவுதான், எல்லாக் கடையிலும் தொங்கியது. அப்புறம் அரியலூர் ஸ்டேஷனுக்குப் போய், நின்றிருந்த பாசஞ்சரில் ஏறி, சீட்டுக்கு அடியில் தலையை விட்டுச் சாண் போட்டு அளந்தேன். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்ட அம்மாளிடம் இடம் தேடுகிறேன் என்றேன். மேலே இவ்வளவு இடம் காலியாக இருக்கிறதே என்று அவர் நகர்ந்து உட்கார்ந்தார். சீட்டுக்கு அடியில் எதுவும் நுழையாது என்று தெரிந்தது. கதவோரம் கக்கூஸுக்கு எதிரே இருக்கிற இடம்தான் தோது. வெள்ளிக்கிழமை போன் வந்ததும் இரும்பையே வாங்கிவிடச் சொன்னேன். கலரைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பாய் போனை வைத்துவிட்டார்.

வந்து இறங்கியது நல்ல மாம்பழ மஞ்சள். ஏர்ப்போர்ட்டில் அனுமதிக்கிற எடை எவ்வளவு என்று வெளிநாட்டில் இருப்பவர் வீட்டைக் கேட்டால் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய போர்வை, சென்ட், பால் பவுடர் எல்லாவற்றையும் அடுத்த தடவைக்குத் தள்ளிவிட்டு, எவனோ ஒரு பிழை திருத்துகிறவனின் சைக்கிளை அவர் சுமந்து வந்திருந்தார். அவருக்கும் எனக்கும் ரத்த சம்பந்தம் உண்டா, சொந்த ஊராவது ஒன்றா? நன்றி சொல்லத் தெரியாமல் பத்திரிகை நன்றாக வந்திருந்ததா என்று கேட்டேன். “மாஷா அல்லாஹ், ஒரு எழுத்துத் தப்பில்ல” என்றார்.

சைக்கிளைத் தெருவில் எடுத்தபோது சர்க்கஸ் எப்போது என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். அன்று இரவே தங்கைக்குப் போன் போட்டேன். காது குத்துக்கு நான் வருகிறேன், பெரியப்பா மகனிடம் சொல்லிவிடு, மடி என்னுடையதுதான் என்றேன். அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

மனைவி சீர்த் தட்டுகளோடு முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டாள். நான் விடிவதற்கு முன்னால் கிளம்பினேன். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதிக்கும் புகைக்கும் பயந்து மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மிதித்தேன். ரயிலில் சைக்கிளை மடக்கி, உரச் சாக்கைப் போர்த்திக் கதவோரம் சாத்திவைத்தேன். டிக்கெட் பரிசோதகர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். விருத்தாசலத்தில் இறங்கி மடக்கை விரித்து ஏறி மிதித்தபோது இரண்டு பக்கமும் முந்திரி பூத்திருந்தது. அந்த வாசனையில் வயிறு சும்மா கிடந்தது. ஒரு பாட்டுக்கூடப் பாடினேன்.

பந்தலில் போய் இறங்கியபோது மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்தத் தடவை யாரும் தூக்கிக்கொண்டு வராமல் என் காலிலேயே நின்றேன். பிள்ளைகள் சைக்கிளைக் குடைந்துவிடுவார்களே என்று மடக்கி, அழுக்குச் சாக்குக்குப் பதிலாக, கொண்டுபோயிருந்த புது ஜரிகைத் துண்டைப் போர்த்தி, மனைவி காவல் இருந்த தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். வியர்வை போக மோட்டார் கொட்டகையில் குளிக்கப் போனேன். அவளும் சமையல்கட்டுக்கு யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போயிருக்கிறாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போது மேளம் கேட்டது. மைக்கில் ஒருவர் ராகம் போட்டுப் படித்தார். “தாய்மாமன் சீர் வருது. பித்தளை அண்டா ஒண்ணு, பட்டுப் பாவாட சட்ட ஒண்ணு, தங்கத் தோடு ஒரு ஜோடி, வெளிநாட்டுச் சைக்கிள் ஒண்ணு.” இரண்டு பேர் என் சைக்கிளைத் தோளில் தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹேண்டில்பாரில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். சின்னச் சக்கரம், மஞ்சள் கலர், ஜரிகைத் துண்டு. குழந்தைக்கு மாமன் கொண்டுவந்த சீர் என்று நினைத்ததில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வெளிநாட்டுச் சைக்கிளைச் சீராக வைத்த தாய்மாமன் இந்த வட்டாரத்தில் உண்டா என்று மாமியார் பக்கத்து ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சபையில் சொன்ன சீரைத் திரும்பக் கேட்பவன் மனிதன் இல்லை. ஒரு வருஷம் காத்திருந்து, சாண் போட்டு அளந்து, பாய் சுமந்து வந்த சைக்கிள் ஒரே நாளில் போயிற்று. திரும்பிப் போவதற்கு மூன்று பஸ். மனைவியைத் தேடிப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

குழந்தையை என் மடியில் வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் ஈரமாக இருந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வீரிட்டாள். நான் அவளைவிட அதிகமாக அழுதேன் என்று பிற்பாடு சொன்னார்கள், இருக்கலாம். அந்தக் கொஞ்ச நேரம் சைக்கிள் ஞாபகமே இல்லை.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது தங்கை அந்தச் சைக்கிளைத் தானே தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாமியாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள். “பாப்பா வளர்ற வரைக்கும் இது மாமன் வூட்லயே இருக்கட்டும்ண்ணே. இங்க முந்திரிக்கொட்டைக்கு நடுவுல கெடந்தா துருப்பிடிச்சுரும். ஆனா மாசாமாசம் கொண்டாந்து காட்டணும். எம்பொண்ணு சொத்து, நான் பாக்கணும்ல.” மாமியாருக்கும் அது நியாயமாகப் பட்டது. எண்ணெய் போட்டு வையுங்கள் என்று எனக்குப் புத்தி சொன்னார். நான் கதம்பத்தோடு சைக்கிளில் ஏறி விருத்தாசலத்துக்கு மிதித்தேன்.

அப்புறம் ஒரு மாதம்கூட நான் தவறவில்லை. நடுவில் செந்துறையில் இறங்குவேன், பேர் தெரியாத ரோட்டில் திரும்புவேன். பத்திரிகையில் மட்டும் பார்த்த ஊர்களையெல்லாம் கண்ணால் பார்த்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு தங்கை வீட்டுச் சோறு. பாப்பா வளர்ந்து, அந்தச் சைக்கிளிலேயே அரைப் பெடல் போட்டு ஓட்டவும் பழகினாள்.

ஒரு மாதம் மடக்குகிற இடத்தில் கீல் விரிசல் விட்டு, சைக்கிள் வெல்டிங் பட்டறைக்குப் போய்விட்டது. போன் பண்ணிச் சொல்லிவிடுங்களேன் என்றாள் மனைவி. எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறினேன். என்னென்ன நடந்தது என்பதை எழுதினால் படிக்கிறவர்களுக்கும் குமட்டும். தங்கை வீட்டு வாசல்படியிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். பாப்பா ஓடிவந்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். தங்கை உப்பு நாரத்தங்காயும் தண்ணீரும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சைக்கிளு பட்டறையில இருக்கு. இந்த மாசம் காட்ட முடியல” என்றேன்.

“அதச் சொல்லவா பஸ்ல வந்தே?”

ஆமாம் என்று தலையாட்டினேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சிரமப்படாதே என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை.

“நான் என்னைக்குண்ணே சைக்கிளப் பாத்தேன்” என்றாள்.

சாயங்காலம் திரும்பிப் போகவும் பஸ்தான். ஜன்னலோரமாக இடம் பார்த்து அவளே ஏற்றிவிட்டாள்.